முதுகில் ஏறி வந்த பஸ்ஸும் நான் போடச் சொன்ன சிக்னலும்

1. செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால். எங்கள் எல் போர்ட் கார் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் பழகுநர் மகேஸ்வரி அக்கா. இடது இருக்கையில் பயிற்றுநராக நான்.

2. ஒரு தனியார் பஸ் பின்னால் வந்து ஒட்டியது. கண்ணாடியில் வீதி மறைந்துபோய், பஸ்ஸின் முகப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மாலை மட்டும் தெரிந்தது.

3. பஸ் ஒன்பது தடவை ஹோர்ன் அடித்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்.

4. "இடது சிக்னல் போடுங்க, போய்த் தொலையட்டும்" என்று நான் சொன்னேன்.

5. மகேஸ் அக்கா தயங்கினார். இரண்டாம் தடவை சொன்னேன். போட்டார்.

6. பஸ் வலப்பக்கம் எடுத்து எங்களை முந்த ஏறியது.

7. மேலே இருந்த வளைவு முடக்கில் ஓர் ஆட்டோ சத்தமே இல்லாமல் இறங்கி வந்தது.

8. பஸ் எங்கள் பக்கம் வெட்டியது. எங்கள் முன் சக்கரம் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. ஆட்டோ வீதியை விட்டுப் பள்ளத்துப் பக்கம் தேயிலைக்குள் இறங்கியது.

இதில் இரண்டும் மூன்றும் ஆறும் பஸ்காரரின் தவறு. ஏழு ஆட்டோக்காரரின் தவறு. நான்கு என்னுடையது. ஐந்தாவதில் வரும் தயக்கம் மட்டும்தான் அன்று அந்த வீதியில் நடந்த ஒரே சரியான காரியம். அதையும் நான்தான் கெடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல், புதுப் பயிற்றுநர்களான நீங்கள் மூன்று பேரும் அதே இடது இருக்கையில் உட்காரப் போகிறீர்கள். போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி கியரைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ இல்லை. "அக்கா, பின்னால ஒட்டிக்கிட்டு வர்றவன என்ன செய்யிறது?" என்பதுதான். ஐந்து வருடம் பழகுநர்களோடு இருந்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் அந்த இருக்கையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். கியரைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த ஒரு விபத்துதான்.

முதலில், யார் யார் ஒட்டுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நேரத்துக்குச் சேர வேண்டிய பஸ். எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலா வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் வேன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருக்கும் மோட்டார் சைக்கிள். தொரையை ஏற்றாத நேரத்தில் தொரையைவிட அவசரமாக ஓடும் தோட்டத்து ஜீப். இவர்கள் எல்லாரையும்விட என்னை எரிச்சல்படுத்தியவர் ஒரு வங்கி உத்தியோகத்தர். ஹாலி-எல வீதியில் எங்கள் எல் போர்ட் காரின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோமீற்றர் லைட் அடித்துக்கொண்டே வந்தார். சந்தியில் இறங்கிப் போய்ப் பார்த்தால், எட்டு மாதத்துக்கு முன்பு என்னிடம் படித்து, என் காரிலேயே பரீட்சகர் முன் ஓட்டி ட்ரயல் பாஸ் பண்ணிப் போனவர்.

"மிஸ்! நீங்களா? தெரியலையே!" என்று சிரித்தார்.

"எல் போர்ட் தெரிஞ்சுதா?" என்றேன்.

"அது தெரிஞ்சுச்சு மிஸ். அதனாலதான் லைட் அடிச்சேன். மெதுவா போறாங்களேன்னு."

எட்டு மாதத்துக்கு முன்பு இதே மனிதர் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் நின்ற லொறிக்காரரைத் திரும்பிப் பார்த்து வியர்த்தவர். பழகுநராக இருந்த ஞாபகம் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த அன்றே எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, மகேஸ் அக்காவுக்கு வருகிறேன்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அந்த டிவிஷனுக்கு ஒரு பழைய வேன் கிடைத்திருந்தது. கர்ப்பிணிகளை கிளினிக்குக் கொண்டுபோகவும், யாருக்காவது முடியாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும். ஓட்டிக்கொண்டிருந்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மாத முடிவுக்குள் டிவிஷனிலேயே குடியிருக்கும் ஒருவர் அனுமதிப்பத்திரத்தோடு வந்தால் வேன் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் போய்விடும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வேன் வருவதற்கு முன்பு பிரசவ வலி வந்த பெண்கள் கொழுந்து லொறியில் வந்தார்கள். அது திரும்ப வரக்கூடாது என்று மகேஸ் அக்கா முடிவு செய்துவிட்டார். டிவிஷனில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

"புள்ள தாலாட்டுற கை, ஸ்டியரிங்க புடிக்குமான்னு கேட்டானுங்க மிஸ்" என்று முதல் நாளே சொன்னார். "நாங் கேட்டேன், ஒரே நேரத்துல பதினாலு புள்ள அழுவுறத உங்கள்ல எவன்டா தாங்குவீங்கன்னு. ஒருத்தனும் பேசல."

விபத்து நடந்தபோது அவருடைய ட்ரயலுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு பலவீனம். கண்ணாடியில் பெரிய வண்டி தெரிந்தால் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். அதனால்தான் அன்று வேண்டுமென்றே அவரை ஸ்பிரிங்வெளி வீதிக்குக் கூட்டிப் போனேன். பஸ் ஒட்டட்டும், பழகட்டும் என்பது என் திட்டம். பழகாமல் போனது நான்.

இடது சிக்னல் விஷயத்தை வெளியூரிலிருந்து வந்திருக்கிற உங்களில் ஒருவருக்காகச் சொல்கிறேன். நம் மலைப் பாதையில் முன்னால் போகிறவர் இடது சிக்னல் போட்டு ஓரம் கொடுத்தால், 'முன்னால் பார்த்துவிட்டேன், பாதை காலி, நீ போகலாம்' என்று பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் லொறி, பஸ், ஆட்டோ, எல்லாரும் இதை நம்பித்தான் முந்துகிறார்கள். முன்னால் போகிறவரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு போவது மாதிரி. லொறிக்காரர்கள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முடக்குக்கு அப்பால் கொஞ்சமாவது தெரியும். நாங்கள் உட்கார்ந்திருந்தது முழங்கால் உயரக் காரில். எங்களுக்குத் தெரிந்தது மண் திட்டும் பன்னச் செடியும்தான்.

அப்படியானால் ஏன் போடச் சொன்னேன்? பாதை காலி என்று நான் நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முடக்கில் இறங்குகிற வண்டி ஹோர்ன் அடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும். ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வாகனத் தொழில்நுட்பம் படித்தவள், காதை நம்பினேன்.

அப்போதுதான் மகேஸ் அக்கா தயங்கியது. "மிஸ், இந்த முடக்குல ஆட்டோக்காரனுங்க..." என்று ஆரம்பித்தார்.

"நான் சொன்னா போடுங்க அக்கா" என்றேன்.

அவர் சொல்ல வந்ததைப் பிறகு கானுக்குள் சாய்ந்திருந்த காரில் உட்கார்ந்து கேட்டேன். மேல் டிவிஷன் ஆட்டோக்காரர்கள் பெற்றோலை மிச்சம் பிடிக்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியிலிருந்து எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார்கள். ஹோர்ன் அடித்தால் பற்றரி இறங்கும் என்று அதையும் அடிக்க மாட்டார்கள். அந்த டிவிஷனில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாமல் இருந்தது, சான்றிதழோடு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு.

ஆட்டோவில் வந்தவர் குமார். மகேஸ் அக்கா குடியிருக்கும் லயத்துக்கு அடுத்த லயம். கேஸ் சிலிண்டர் மாற்ற டவுனுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். ஆட்டோ நாலு வரிசைத் தேயிலையை மிதித்துக்கொண்டு போய் ஐந்தாவது வரிசையில் நின்றது. வயதான செடிகள், வேர் ஆழம், தாங்கின. சிலிண்டர் தாங்கவில்லை, வெளியே விழுந்து டங் டங்கென்று உருண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் "கேஸ்! கேஸ்!" என்று கத்திக்கொண்டு மேல் பக்கம் ஓடினார்கள். செடிக்குள்ளிருந்து குமாரின் குரல் வந்தது.

"ஓடாதீங்கய்யா! வெறுஞ் சிலிண்டரு! யாராச்சும் வந்து என்னயத் தூக்குங்க!"

அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்பதை நான் அன்று ஆஸ்பத்திரியில் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பஸ் சாரதி இறங்கி வந்து முதலில் எங்கள் காரைத்தான் பார்த்தார். "சிக்னல் போட்டீங்கதானே? போட்டதாலதான் வந்தேன்! கேளுங்க, எல்லாரும் பாத்தாங்க!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒன்பது ஹோர்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இனி, நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் எங்கள் லேனர்ஸ் பள்ளி முதலாளி போனில் பேசினார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "தங்கச்சி, பொய் சொல்லச் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிக்னல் போட்டது அந்தம்மா கை. அது உண்மதானே? பழகுறவங்க தெரியாம போட்டாங்கன்னு எழுதிக்குவாங்க. உன் பயிற்றுநர் பத்திரம் தப்பிக்கும், நம்ம பேரும் தப்பிக்கும்."

"அக்காவுக்கு பதினோரு நாள்ல ட்ரயல்" என்றேன்.

"விபத்துக்குக் காரணம்னு பேர் ஏறிட்டா, கேஸ் முடியிற வரைக்கும் எங்க ட்ரயல்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லு."

அடுத்த வருடம் வேன் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

வாக்குமூலம் எழுதிய சார்ஜன்ட்டுக்குத் தமிழ் ஓரளவு வரும். மகேஸ் அக்காவை முதலில் கேட்டார். "சிக்னல் போட்டது யாரு?"

"நாந்தான் ஐயா."

சார்ஜன்ட் எழுத ஆரம்பித்தார். மகேஸ் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். அவருடைய கைதான் போட்டது. அந்த மேசையில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சொல்லத் தேவையும் இல்லை. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். எல்லாம் உண்மையாகவே எழுதப்பட்டு, எல்லாம் தப்பாக முடிந்திருக்கும்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: உடனே நான் பேசவில்லை. சார்ஜன்ட் மூன்று வரி எழுதும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியின் முடிவில் புள்ளி வைத்தார்.

"ஐயா, போடச் சொன்னது நான்" என்றேன். "அவங்க தயங்கினாங்க. ரெண்டாவது தடவையும் நான் சொன்னேன். எதிர்ல என்ன வருதுன்னு எனக்குத் தெரியாம சொன்னேன்."

சார்ஜன்ட் பேனாவை மேசையில் வைத்தார். "நங்கி, தங்கச்சி, யோசிச்சுத்தானே சொல்றீங்க? இத எழுதினா ஒங்க பத்திரத்துக்குப் பிரச்சின வரும்."

"யோசிச்சிட்டேன். எழுதுங்க. எஞ்சின நிறுத்திட்டு ஆட்டோக்காரங்க வருவாங்கன்னு அவங்க சொல்ல வந்தாங்க, நான் சொல்ல விடல. அதையும் எழுதுங்க."

"அதையுமா?"

"அதத்தான் முதல்ல."

அவர் மூன்று வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பஸ் சாரதி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று தன் நடத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் வழக்கு எழுதினார்கள், முடக்கில் முந்தியதற்கு. அதையும் அவர் என்னிடமிருந்து வந்ததாகத்தான் நினைத்தார்.

வெளியே வந்ததும் மகேஸ் அக்கா நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. வாசற்படியில் நின்று சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"நான் சொன்னேன்ல மிஸ். முடக்குன்னு சொன்னேன்ல. ஒங்க காது பின்னால அடிக்கிற ஹோர்னுக்குத்தான் கேக்குது, பக்கத்துல இருக்கவ வாய்க்குக் கேக்கல."

 படியிறங்கும்போது, "குமாரு பொஞ்சாதிகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க வராதீங்க, இன்னைக்கி" என்றார்.

மறுநாளிலிருந்து விசாரணை முடியும் வரை நான் பழகுநர் காரில் ஏற முடியாது. மகேஸ் அக்காவுக்கு வேறு பயிற்றுநரை ஏற்பாடு செய்தோம். ஆனால் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் தோள் ஏறுவதோடு, இப்போது கையும் சிக்னலுக்குப் போகிறது என்று அந்தப் பயிற்றுநர் சொன்னார். டவுனுக்குள் ஒரு பழ வண்டி பின்னால் வந்ததற்கே இடது சிக்னலைத் தொட்டுத் தொட்டு விட்டாராம். அது என் கைவேலை. கற்றுக்கொடுத்தது நான்தானே.

காரில் ஏறத்தான் எனக்கு அனுமதி இல்லை, நடக்க யாரும் அனுமதி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேல் டிவிஷனிலிருந்து கீழே நடந்தோம். என் கையில் ஒரு கொப்பி. திட்டம் எளிது: பின்னால் ஒருவன் ஒட்டினால் ஒதுங்கி நிற்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று கணக்கெடுப்பது. அந்தப் பட்டியல் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்பு, லொறி திரும்புகிற இடம். நன்றாக நிற்கலாம், ஆனால் காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் லொறி நிற்கும். அம்மன் கோவில் வாசல். மலையிலிருந்து பீலித் தண்ணீர் விழுகிற வளைவு, மழை நாளில் வேண்டாம், ஓரம் சறுக்கும். பால் சேகரிக்கிற கொட்டிலடி. பழைய பாலத்துக்கு முன்னால் கற்குவியலை ஒட்டிய இடம். கற்குவியலைக் கொட்டினவர்கள் இன்னும் எடுக்கவில்லை என்று நான் எழுதியபோது மகேஸ் அக்கா சிரித்தார்.

"அது எம் மகன் பொறக்க முன்னாடி கொட்டுனது மிஸ். அவன் ஏ.எல். பரீட்சையே எழுதிட்டான்."

விபத்து நடந்த முடக்கில் நின்றோம். மிதிபட்ட நாலு வரிசையையும் யாரோ வெட்டிக் கவ்வாத்துப் பண்ணியிருந்தார்கள். குமாரின் மனைவி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நீ வேன் ஓட்டாட்டி எம் புருசன் ஆட்டோலதான் எல்லாரையும் ஏத்துவாரு, எஞ்சின ஆப் பண்ணிட்டுன்னா. போய் ஒழுங்கா பாஸ் பண்ணிட்டு வான்னா."

அந்த முடக்கில் நின்றுதான் ஐந்து வருடமாக எல்லாப் பழகுநர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை நான் அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பின்னால் வருபவன் தன் முன்னால் இடைவெளி வைத்திருக்கவில்லை. அந்த இடைவெளியை நீங்கள் உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிற வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட இரண்டு பங்கு தூரம் விடுங்கள். அப்போது எதற்கும் சட்டென்று பிரேக் அடிக்க வேண்டி வராது. நீங்கள் மெதுவாக நின்றால் அவனும் மெதுவாக நிற்பான். அவனைத் திருத்தப் போகாதீர்கள். பிரேக் லைட்டை அடித்துப் பயமுறுத்தாதீர்கள், அவனுடைய பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவன் விரட்டுகிறான் என்று வேகம் கூட்டாதீர்கள், அதே தூரத்தில் இன்னும் வேகமாக வருவான். முக்கியமாக, முடக்குக்கு அப்பால் என்ன வருகிறது என்று அவனுக்குச் சொல்லாதீர்கள். ஒதுங்க இடம் வந்தால் ஒதுங்கி, முழுதாக நின்று, விடுங்கள். இடம் வரவில்லையென்றால் ஹோர்ன் அடிக்கட்டும். ஒன்பது அடித்தாலும் சரி, தொண்ணூறு அடித்தாலும் சரி.

"இவ்வளவுதானா மிஸ்?" என்றார் மகேஸ் அக்கா. "பதினாலும் அழுவுறப்ப நாங்க செய்யிறதுதான். கத்துறதுக்காக ஓடக்கூடாது. கையில இருக்க புள்ளய முதல்ல கீழ வைக்கணும்."

ட்ரயல் அன்று நான் கூடப் போகவில்லை, போகவும் முடியாது. நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். பரீட்சகர் பக்கத்தில். டவுனைத் தாண்டி ஏற்றத்தில் ஒரு கோழி லொறி பின்னால் வந்து ஒட்டியது. ஹோர்ன் அடித்தது. மகேஸ் அக்கா கண்ணாடியைப் பார்த்தார். தோள் ஏறியதாம், இல்லை என்று சொல்லவில்லை. கை சிக்னலுக்குப் போகவில்லை. அதே வேகத்தில் போய், பலகை விற்கும் ஒரு மரக்காலை வாசல் வந்ததும், வண்டியை ஒதுக்கி முழுதாக நிறுத்தினார். நிறுத்தத் தொடங்கும்போதுதான் சிக்னல் போட்டார். லொறி போனது. கோழி இறகு காருக்குள் பறந்ததாம்.

பரீட்சகர் கேட்டார், "நான் நிறுத்தச் சொல்லலையே. ஏன் நிறுத்தினீங்க?"

"அவருக்கு அவசரம் ஐயா. அவருக்காக நான் முடக்கப் பாக்க முடியாது."

பரீட்சகர் ஏதோ எழுதினாராம். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் தன் நெஞ்சு ஆட்டோ மாதிரி எஞ்சின் இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது என்று மகேஸ் அக்கா சொன்னார்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் நான் எரிச்சல் தாங்காமல் செத்துவிடுவேன்.

நான் இப்போது பதுளையில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் இடத்தில் பிரேக் வேலை பார்க்கிறேன். படித்தது அதுதான். மூன்று மாதம் கழித்து ஒரு பஸ் வந்தது. முகப்பில் பிளாஸ்டிக் மாலை. சாரதி இறங்கி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மிஸ்தானே அது?"

"ஆமாங்க. பஸ்ஸுக்கு என்ன?"

"பிரேக் கொஞ்சம் புடிக்கல." பின் சக்கரத்தைக் காட்டினார். பிறகு, "என்மேல கோவமா இருப்பீங்க. நீங்க போட்டீங்க, நான் வந்தேன்" என்றார்.

"போடச் சொன்னது என் தப்பு. அத எழுதியே குடுத்துட்டேன். ரெண்டு முழ தூரத்துல ஏன் வந்தீங்க?"

"எனக்குப் பின்னால வந்தவன் என் முதுகுல ஏறிட்டு வர்றான் மிஸ்! அடுத்த பஸ்காரன். ஆள் ஏத்த விட மாட்டான், ஹோர்ன் அடிச்சே கொல்லுவான். நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

"அவன் ஒட்டினா நீங்க என்னய ஒட்டுவீங்களா?"

"பின்ன? நிக்கவா முடியும்?"

பின் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் லைனிங் ஆணிவரை தேய்ந்திருந்தது. இடப்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அந்த மூன்று மாதத்துத் தேய்மானம் அல்ல அது, எனக்குத் தெரியும். இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டுதான் அன்று, அந்த ஏற்றத்தில், இரண்டு முழ தூரத்தில் வந்திருக்கிறார். லைனிங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவா போச்சு?" என்றார்.

"இவ்வளவு போனத வெச்சுத்தான் எங்க முதுகுல வந்தீங்க. நிக்க முடியாதுன்னு சொன்னீங்களே, உண்மையிலயே முடியாதுதான்."

 புது லைனிங் போட்டுக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்ற காரின் பின்னால் நின்று, அது வழிவிடும் வரைக்கும், இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார்.

இன்றைக்கு நிலைமை இதுதான். என் பயிற்றுநர் பத்திரத்தைப் பற்றிய விசாரணை முடியவில்லை, திருப்பிக் கொடுத்தாலும் வாங்குவதா என்று நான் முடிவு செய்யவில்லை. பஸ் சாரதியின் வழக்கு தவணையில் இருக்கிறது. குமாரின் தோள் கூடிவிட்டது. மடுவத்தடியில் எஞ்சினை நிறுத்துவதை அவர் மட்டும் விட்டுவிட்டார், மற்றவர்கள் விடவில்லை. வேன் டிவிஷனிலேயே நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மகேஸ் அக்கா கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு இறங்கி ஏறுகிறார். ஏறும்போது பஸ் இன்னமும் பின்னால் ஒட்டுகிறது. அவர் பால் கொட்டிலடி வரைக்கும் அதே வேகத்தில் போய், அங்கே ஒதுக்கி நிறுத்துகிறார்.